இரண்டு மதிப்பெண் வாங்கும் போலீஸ்காரன்: 'ஸ்லீப்பிங் டாக்ஸ்' வழியாக ஒரு வீடியோ கேமைப் புரிந்துகொள்வது எப்படி?

காரில் ஒருவனைத் துரத்திக்கொண்டு போகிறேன். மழை பெய்து ஓய்ந்த இரவு. ஈரச் சாலை முழுக்க நியான் விளக்குகளின் நிறம் கரைந்து கிடக்கிறது. வளைவில் பிரேக் போடாமல் திருப்பியதில் கார் நடைபாதையில் ஏறி, அங்கே நின்றிருந்த ஒருவர்மீது மோதிவிடுகிறது. கதை நிற்கவில்லை. யாரும் என்னைத் திட்டவும் இல்லை. திரையில் சிறியதாக ஓர் அறிவிப்பு மட்டும் வந்து போகிறது: போலீஸ் மதிப்பெண் குறைந்துவிட்டது.

நான் அப்போது ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு குற்றக் கும்பலின் வேலைக்காக. அந்தக் கும்பலுக்குள் ரகசியமாக நுழைந்திருக்கும் போலீஸ்காரன் நான். அடிதடியின் வேகத்தில் அதை மறந்தே போயிருந்தேன். ஒரு வசனம்கூட இல்லாமல், குறைந்துபோன அந்தச் சின்ன எண் அதை எனக்கு நினைவூட்டியது.

வீடியோ கேம் பக்கமே போகாதவர்களுக்காகவும், போயும் 'கிராபிக்ஸ் நன்றாக இருக்கிறது, கதை சுமார்' என்பதைத் தாண்டி என்ன பேசுவது என்று தெரியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒரு விளையாட்டு தான் சொல்ல வந்ததை ஆட்ட விதிகள் மூலம் சொல்வது என்றால் என்ன, அந்த விதிகளும் கதையும் எங்கே கைகோக்கின்றன, எங்கே பிரிந்துவிடுகின்றன என்பதுதான் விஷயம். எடுத்துக்காட்டு, 2012 ஆகஸ்டில் வெளிவந்த 'ஸ்லீப்பிங் டாக்ஸ்' என்ற போலீஸ் அதிரடி விளையாட்டு. இதை நான் மிகவும் நேசிக்கிறேன். இதன் குறைகள் என்னை இன்னும் உறுத்துகின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதால்தான் இது நல்ல எடுத்துக்காட்டு.

முதலில், விதி பேசும் என்றால் என்ன? ஆடு புலி ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று புலிகள், 15 ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆட்டால் புலியை வெட்ட முடியாது. ஆனால் ஆடுகள் கூடி நின்று புலியை நகரவிடாமல் அடைக்கலாம். இந்த ஆட்டத்துக்குக் கதை எழுதியவர் யாருமில்லை. இருந்தாலும் ஆடிப் பார்த்த எவருக்கும் பலவீனர்கள் சேர்ந்து பலசாலியை மடக்கும் ஒரு கதை கைவழியே புரிந்துவிடும். பரமபதத்தில் ஏணியும் பாம்பும் செய்வதும் அதுவே. வீடியோ கேமில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: சினிமாவைப் போல நடிகர்கள், வசனம், இசை எல்லாம் கொண்ட கதைக் காட்சிகள். ஆக ஒரே விளையாட்டுக்குள் இரண்டு கதைசொல்லிகள் இருக்கிறார்கள். ஒருவர் திரையில் பேசுகிறார், மற்றவர் நம் விரல்களிடம் பேசுகிறார். இருவரும் ஒன்றையே சொன்னால் அந்த விளையாட்டு மனதில் தங்கிவிடும். ஆளுக்கொன்று சொன்னால், எதுவென்று தெரியாத ஓர் ஒட்டாமை தோன்றும்.

ஸ்லீப்பிங் டாக்ஸின் கதை இதுதான். வெய் ஷென் ஹாங்காங்கில் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்து, பிறகு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனவன். அவனுடைய அக்கா மிமி போதைப் பழக்கத்தில் இறந்துவிடுகிறாள். அங்கே போலீஸ் வேலையில் சேர்ந்த வெய், ஹாங்காங் போலீசின் ரகசியப் பணிக்காகத் திரும்பி வருகிறான். சுன் ஆன் யீ என்ற டிரையாட் கும்பலுக்குள் நுழைய வேண்டும். டிரையாட் என்பது சடங்குகளும் படிநிலைகளும் கொண்ட சீனக் குற்றக் குழுக்களுக்கான பொதுப்பெயர். சுன் ஆன் யீ கற்பனைப் பெயர், ஆனால் உண்மையில் இருக்கும் ஒரு கும்பலின் பெயரைச் சற்றே மாற்றி வைத்தது என்பது ஹாங்காங்கை அறிந்தவர்களுக்கு உடனே தெரியும். லாக்கப்பில் சிறுவயது நண்பன் ஜாக்கி மாவைச் சந்திக்கிறான் வெய். அவன் கையைப் பிடித்துக்கொண்டே கும்பலுக்குள் போகிறான். நண்பனின் நம்பிக்கைதான் அவனுடைய நுழைவுச்சீட்டு. கதையின் வேதனையெல்லாம் அங்கிருந்தே தொடங்குகிறது.

மேலிருந்து அவனை இயக்குபவர்கள் இருவர். ஒருவர் ரேமண்ட் மாக், வெய் தன்னை இழந்துகொண்டிருக்கிறானோ என்று கவலைப்படுபவர். மற்றவர் கண்காணிப்பாளர் பெண்ட்ரூ, காரியம் முடிந்தால் போதும் என்பவர். கீழே வின்ஸ்டன் சூ என்ற தெருத் தலைவனும், அவனுடைய எதிரியான டாக்ஐஸும். அக்காவைப் போதையில் தள்ளியவன் இந்த டாக்ஐஸ்தான் என்பதால் வெய்யின் கடமைக்குள் பழிவாங்கும் வெறியும் கலந்துவிடுகிறது. ரகசியப் போலீஸ் கதைகள் நிறைய வந்துவிட்டன, ஹாங்காங் சினிமாவே இவற்றின் பிறப்பிடங்களில் ஒன்று. இங்கே புதிதாக இருப்பது, அந்த இரட்டை வாழ்க்கையை நாமே கையால் வாழ வேண்டியிருப்பது.

கையால் என்று சொன்னது சும்மா இல்லை. இந்த விளையாட்டின் உயிரே அதன் கைச்சண்டை. ஐந்தாறு பேர் சூழ்ந்து நிற்பார்கள். ஒரு பட்டனைத் தட்டினால் அடி, அழுத்திப் பிடித்தால் பலமான உதை, இன்னொரு பட்டன் பிடித்து மடக்க, மற்றொன்று எதிரியின் அடியைத் தடுத்துத் திருப்ப. எதிரி தாக்க வரும் கணத்தில் அவன் உடல் சிவப்பாக ஒளிரும். அந்தக் கணத்தில் தடுப்புப் பட்டனை அழுத்த வேண்டும். கேட்க எளிது. ஆனால் முன்னால் இருப்பவனை அடித்துக்கொண்டே பக்கவாட்டில் மின்னும் சிவப்பைக் கவனிக்க வேண்டும். எதிரிகளும் ஒரே மாதிரி இல்லை. ஒருவன் அடிகளையெல்லாம் தடுப்பான், அவனைப் பிடித்துத்தான் மடக்க வேண்டும். இன்னொருவன் பிடிக்கவே விடமாட்டான், அவனை அடித்துத்தான் சாய்க்க வேண்டும். கத்தி வைத்திருப்பவனுக்கு வேறு கணக்கு. அரை மணி நேரம் விளையாடியதும் ஒரு தாளம் பிடிபடும். அடி, தடுப்பு, திருப்பு, பிடி என்று விரல்கள் தாமாக ஓடும். சிலம்பம் பழகியவர்கள் கால்வைப்பு உடம்பில் ஏறிவிட்டது என்பார்களே, அதற்கு நெருங்கிய ஓர் அனுபவம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது துப்பாக்கி அரிதாக இருப்பது. ஆட்டம் தொடங்கிப் பல மணி நேரத்துக்கு வெறுங்கையும், கையில் கிடைக்கும் கத்தியும் கம்பியும்தான். ஹாங்காங்கில் துப்பாக்கிச் சட்டங்கள் மிகக் கடுமையானவை. அமெரிக்க நகரங்களில் நடக்கும் விளையாட்டுகளைப் போலத் தெருவுக்குத் தெரு ஆயுதக்கடை வைத்திருந்தால் அந்த ஊரே பொய்யாகியிருக்கும். உருவாக்கியவர்கள் அந்த உண்மையை ஆட்ட விதியாகவே மாற்றினார்கள். அதனால் முதல்முறை ஒருவன் துப்பாக்கியை நீட்டும்போது நிஜமாகவே வயிற்றைப் பிசைகிறது. பின்பாதியில் துப்பாக்கிச் சண்டைகள் அதிகமாகின்றன. மேசையைத் தாண்டிக் குதிக்கும்போது காலம் மெதுவாகி, நிதானமாகக் குறிபார்க்க வாய்ப்பு தருகிறது. பார்க்க அழகாக இருந்தாலும் கைச்சண்டையின் கனம் அதில் இல்லை. விளையாட்டின் கடைசிப் பகுதி முதல் பகுதியைவிடச் சப்பென்று இருப்பதற்கு இது ஒரு காரணம்.

புதிய அடிமுறைகளைக் கற்கும் வழியும் கதையோடு ஒட்டியிருக்கிறது. வெய்யின் பழைய குரு ஒருவரின் பயிற்சிக்கூடத்திலிருந்து, சீன ராசி விலங்குகளின் ஜேட் என்ற பச்சைக்கல் சிலைகள் திருடப்பட்டுவிட்டன. ஊரெங்கும் தேடி ஒவ்வொன்றாக மீட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஒவ்வொரு சிலைக்கும் ஓர் அடிமுறை கற்றுத் தருகிறார். வெறும் மெனுவில் புள்ளி போட்டு வாங்குவதற்கும் ஒரு கிழவரின் எதிரே நின்று கற்பதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. வெய்க்கு இந்த ஊரில் கும்பலும் போலீசும் தவிர மூன்றாவதாக ஓர் இடம் இருக்கிறது என்று அந்தச் சிறிய கூடம் சொல்கிறது.

இனி அந்த இரண்டு மதிப்பெண்கள். இந்த விளையாட்டில் யோசித்துப் பார்க்க நிறைய இருப்பது இங்கேதான்.

ஒவ்வொரு மிஷனிலும், அதாவது கதையின் ஒவ்வொரு பணியிலும், நமக்கு இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. ஒன்று டிரையாட் கணக்கு. அது பூஜ்யத்தில் தொடங்கும். கொடூரமாக, விதவிதமாக அடிக்க அடிக்க ஏறும். ஒருவனை மின்விசிறியில் தள்ளினாலோ மீன்தொட்டியில் முட்டவைத்தாலோ வேகமாக ஏறும். மற்றது போலீஸ் கணக்கு. அது முழுமையாகத் தொடங்கும். பொதுமக்களுக்குக் காயம் ஏற்படுத்தினால், பொதுச்சொத்தைச் சேதப்படுத்தினால் இறங்கிக்கொண்டே போகும். பணி முடிந்ததும் இரண்டையும் பக்கம் பக்கமாகக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு கணக்கும் தனித்தனித் திறமைகளைத் திறந்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டைச் சற்று நிதானமாகப் பாருங்கள். கும்பலில் பெயர் என்பது சம்பாதிக்க வேண்டியது. போலீஸ்காரனின் நேர்மை என்பது கையில் இருப்பதை இழக்காமல் காப்பது. ஒன்று கூட்டல், மற்றது கழித்தல். ரகசியப் பணியில் இருப்பவனின் மனநிலையை இதைவிடச் சுருக்கமாக எழுதிவிட முடியுமா என்று எனக்குச் சந்தேகம். அவன் காலையில் போலீஸ்காரனாக எழுகிறான், அதற்காக அவன் எதுவும் செய்யத் தேவையில்லை. கும்பல்காரனாக இருக்கத்தான் நாள் முழுக்க உழைக்க வேண்டும். அந்த உழைப்பே அவனுடைய முதல் அடையாளத்தைத் தேய்க்கிறது. மாக் வந்து வெய்யைப் பார்த்துக் கவலையோடு பேசும் காட்சிகளைவிட அதிகமாக, குறைந்துகொண்டே போகும் அந்த எண் என்னைத் தொந்தரவு செய்தது. கதைசொல்லிகள் இருவரும் இங்கே ஒரே குரலில் பேசுகிறார்கள்.

கதையின் நடுவே ஒரு திருமணக் காட்சி வருகிறது. விளையாடாதவர்களுக்காக எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. எதிரிக் கும்பல் துப்பாக்கிகளோடு மண்டபத்துக்குள் நுழைகிறது. அந்தக் குழப்பத்தில் சுன் ஆன் யீயின் தலைவரான முதியவரை வெய் உயிரோடு வெளியே கொண்டுவர வேண்டும். யாரை ஒழிக்க அனுப்பப்பட்டானோ அவரையே காப்பாற்றுகிறான். அதைச் செய்துகொண்டிருக்கும் நொடிகளில் எனக்குப் போலீஸ் நினைப்பு துளியும் வரவில்லை. வெய்க்கும் வந்திருக்காது என்று பிறகுதான் தோன்றியது. அவனுடைய மனம் மாறியதை நான் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, என் மனமே மாறியிருந்ததைக் கண்டுபிடித்தேன். வேறு எந்தக் கலைவடிவிலும் இந்த வகை அதிர்ச்சி எனக்குக் கிடைத்ததில்லை.

இவ்வளவு சரியாகச் சிந்தித்த விளையாட்டு, பணி முடிந்து நாம் தெருவில் இறங்கியதும் அத்தனையையும் கைவிட்டுவிடுகிறது.

இது 'ஓப்பன் வேர்ல்டு' வகை விளையாட்டு. ஒரு நகரத்தை முழுதாகக் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் போ, எதை வேண்டுமானாலும் செய் என்று விட்டுவிடும் வகை. பணிகளுக்கு இடையில் நான் யாருடைய காரையும் பறிக்கலாம், தெருவில் போகிறவரை அடிக்கலாம், நடைபாதையில் காரை ஏற்றலாம். போலீஸ் துரத்தும், தப்பித்துவிடலாம். பிடிபட்டாலும் சற்று நேரத்தில் மீண்டும் தெருவில் நிற்கலாம். போலீஸ் கணக்கு இதில் எதற்கும் அசைவதில்லை. அடுத்த பணி தொடங்கும்போது அது மறுபடி முழுமையாக நிற்கிறது. அடுத்த காட்சியில் வெய், நான் எல்லையைத் தாண்டிவிட்டேனோ என்று மனம் குமைகிறான். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அவன் கையால் பத்துப் பேரைத் தெருவில் சாய்த்தவன் நான். அந்தக் குமைச்சலை நான் எப்படி நம்புவது?

இந்த முரணுக்கு விளையாட்டு விமர்சனத்தில் ஒரு பெயர் உண்டு: 'லூடோநரேட்டிவ் டிசொனன்ஸ்'. கிளின்ட் ஹாக்கிங் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் 2007-இல், 'பயோஷாக்' என்ற விளையாட்டைப் பற்றி எழுதும்போது இதைப் பயன்படுத்தினார். ஆட்டம் ஒன்று சொல்ல, கதை வேறொன்று சொல்லும் அபஸ்வரம் என்று தமிழில் சொல்லலாம். வாயில் நுழையாத பெயராக இருந்தாலும் விஷயம் எளியது. கச்சேரியில் பாடகர் ஒரு சுருதியிலும் வயலின் வேறு சுருதியிலும் போனால், சங்கீதம் தெரியாதவரும் முகம் சுளிப்பார். பெயர் தெரியாமலேயே விளையாடுபவர்களும் இதை உணர்ந்திருப்பார்கள்.

திறந்த நகரம் கொண்ட விளையாட்டுகளில் இது தவிர்க்க முடியாதது என்று ஒரு வாதம் உண்டு. சுதந்திரம் கொடுத்தால் அத்துமீறலும் வரத்தான் செய்யும் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். காரணம் இந்த விளையாட்டின் பரம்பரையிலேயே இருக்கிறது. ஸ்லீப்பிங் டாக்ஸ் ஒரு கட்டத்தில் 'ட்ரூ க்ரைம்' என்ற வரிசையின் அடுத்த பாகமாகத் தயாராகிவந்தது. அந்த வரிசையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடக்கும் முதல் விளையாட்டு 2003-இலும், நியூயார்க்கில் நடக்கும் அடுத்தது 2005-இலும் வந்தன. இரண்டும் இதைவிடக் கரடுமுரடானவை, நியூயார்க் பாகம் பிழைகளோடு வெளியாகி மிகவும் கெட்ட பெயர் வாங்கியது. ஆனால் அவற்றில் நல்ல போலீஸ், கெட்ட போலீஸ் என்ற ஒரு கணக்கு எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் குற்றம் நடந்தால் வானொலியில் அழைப்பு வரும். போய்த் தடுக்கலாம், கைது செய்யலாம். நிரபராதியைச் சுட்டால் கணக்கு சரியும். செய்தது முரட்டுத்தனமாக இருந்தாலும் எண்ணம் சரி: போலீஸ்காரனுக்கு ஓய்வு நேரம் என்று தனியாக ஓர் ஒழுக்கம் இல்லை. மெருகில் பல படி முன்னேறிய வாரிசு, அந்த ஒன்றைக் கீழே போட்டுவிட்டு வந்ததுதான் எனக்கு வருத்தம்.

போலீஸ் பக்கத்தின் மெலிவு வேறு இடங்களிலும் தெரிகிறது. ஊரில் போதைப்பொருள் விற்கும் இடங்களைக் கண்டுபிடித்து, அங்கே நிற்கும் ஆட்களை அடித்துப் போட்டு, அருகிலிருக்கும் கண்காணிப்பு கேமராவைக் கைப்பற்ற வேண்டும். பிறகு வெய்யின் வீட்டுக்குப் போய் டிவியைப் போட்டால், அந்தக் கேமராவின் படம் தெரியும். நிற்பவர்களில் யார் வியாபாரி என்று பார்த்துச் சுட்டிக்காட்டினால் போலீஸ் வந்து பிடித்துவிடும். முதல்முறை இது அருமையாக இருக்கிறது. ஓர் ஒற்றனின் வேலை உண்மையில் காத்திருப்பதும் பார்ப்பதும்தான் என்று சொல்வதுபோல் இருக்கிறது. நான்காவது முறை அதே வேலை, அதே வரிசை. எட்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். யாரையாவது தவறாகச் சுட்டிக்காட்டி, ஒரு நிரபராதி மாட்டிக்கொள்ளும் விளைவு இருந்திருந்தால்கூட அந்த டிவித் திரை கனம் பெற்றிருக்கும். கடவுச்சொல் கண்டுபிடிப்பது, தொலைபேசி இருக்கும் இடத்தைத் தேடுவது, பூட்டைத் திறப்பது என்று வேறு சில புதிர்களும் உண்டு. எல்லாம் நிமிட நேர விரல் வேலை.

போலீஸ் புள்ளிகளால் நமக்குக் கிடைக்கும் திறமைகளில் ஒன்று, நிறுத்திவைத்த காரை அலாரம் அடிக்காமல் திறந்து எடுத்துக்கொண்டு போவது. நேர்மையைக் காத்ததற்குப் பரிசாகச் சத்தமில்லாத திருட்டைக் கற்பிக்கிறது விளையாட்டு. பலருக்கு இது கண்ணில் பட்டிருக்காது. எனக்கோ, உருவாக்கியவர்கள் எந்த இடத்தில் யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்கள் என்பதற்கு இது அடையாளமாகத் தோன்றுகிறது.

நகரத்தைப் பற்றிச் சொல்லாமல் நியாயம் இல்லை. ஹாங்காங் தீவின் நார்த் பாயின்ட், சென்ட்ரல், அபர்டீன், கென்னடி டவுன் என்ற நான்கு பகுதிகள் இருக்கின்றன. உண்மையான ஊரின் அளவும் அமைப்பும் அப்படியே இல்லை, சுருக்கி, மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். நார்த் பாயின்ட்டின் இரவுச் சந்தையில் நடந்து பாருங்கள். தள்ளுவண்டிகள், தொங்கும் துணிகள், ஆவி பறக்கும் பாத்திரங்கள். பன்றி இறைச்சி வைத்த பன் விற்கும் ஒருவர், அதைத் தின்னாதவன் முழு மனிதனே இல்லை என்று கூவிக்கொண்டிருப்பார். விளையாடியவர்கள் எல்லோருக்கும் அந்தக் குரல் காதில் நிற்கும். அந்தப் பன்னைத் தின்றால் உடல்நலம் தேறும். நம் ஊரைப் போலவே வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடும். அமெரிக்க நகரங்களையே சுற்றிச் சுற்றி வந்த விளையாட்டுகளுக்கு நடுவே, வலப்பக்க ஸ்டீயரிங்கோடு ஓர் ஆசிய நகரம் கிடைத்தது எனக்கு வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது.

'முகம்' என்று மூன்றாவது ஒரு கணக்கும் உண்டு. சீனர்களின் வழக்கில் முகம் என்றால் ஊருக்குள் ஒருவருக்கு இருக்கும் மதிப்பு. நாமும் முகம் கொடுத்துப் பேசுவது, ஊரார் முகத்தில் விழிப்பது என்றெல்லாம் சொல்கிறவர்கள்தான் என்பதால் இதைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவைப்படாது. தெருவில் உதவி கேட்பவர்களுக்குச் செய்து கொடுத்தால் முகம் கூடும், நல்ல உடைகளும் கார்களும் வாங்கத் தகுதி வரும். சண்டையில் நன்றாக அடித்தால் முகத்துக்கான அளவுகோல் நிரம்பி, எதிரிகள் அஞ்சத் தொடங்குவார்கள், வெய்யின் காயமும் ஆறும். ஓர் ஊரின் பண்பாட்டுச் சொல்லை ஆட்ட விதியாக மாற்றிய இந்த யோசனை, துப்பாக்கியை அரிதாக்கியதைப் போலவே சிறந்தது.

ஆனால் மக்கள் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். நடுநடுவே ஊர்மொழியான கான்டனீஸ் சொற்கள் விழுகின்றன, வசைகளும் வணக்கங்களும் தெரு வியாபாரிகளின் கூவலும் அதில் இருக்கின்றன. இருவர் மட்டும் தனியாக மனம்விட்டுப் பேசும்போதும் ஆங்கிலத்தில் பேசுவது அந்த ஊருக்குப் பொருந்தவில்லை. நடிகர்கள் சாதாரணமானவர்கள் இல்லை: வெய்யாக வில் யுன் லீ குரலில் உயிர் கொடுத்திருக்கிறார், டாம் வில்கின்சன், கெல்லி ஹூ, ஜேம்ஸ் ஹாங், எடிசன் சென் என்று நல்ல பட்டியல். குறை அவர்களுடையது இல்லை. வெளியூர்ச் சந்தைக்காகச் செய்த சமரசம் அது.

பெண் பாத்திரங்களின் விஷயத்தில் சமரசம்கூட இல்லை, அலட்சியம்தான். வெய் பழகும் பெண்கள் சிலர் வருகிறார்கள். ஒன்றிரண்டு சந்திப்பு, ஒரு பாட்டு, ஒரு ஓட்டப்பந்தயம், அதன்பின் அவர்கள் கதையிலிருந்தே மறைந்துவிடுகிறார்கள். எம்மா ஸ்டோன் போன்ற புகழ்பெற்ற நடிகையைக் குரல் கொடுக்க அழைத்து, சில நிமிடங்களுக்கு மட்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். வின்ஸ்டனின் தாய் மட்டும் விதிவிலக்கு. சமையலறையில் கத்தியோடு நிற்கும் அந்த அம்மாள் வரும் காட்சிகளை மறக்க முடியாது.

கேமராவை, அதாவது ஆட்டத்தை நமக்குக் காட்டும் பார்வைக் கோணத்தைப் பற்றி இரண்டு வரி போதும். குறுகிய அறைகளில் சண்டை நடக்கும்போது சுவரில் மாட்டிக்கொண்டு எதிரியை மறைக்கும். கார் ஓட்டும்போது நாம் திருப்பிய பக்கம் நிற்காமல் தானே நேராகிக்கொள்ளும். எரிச்சல், பழகிவிடும்.

கார் ஓட்டுவது நன்றாக அமைந்திருக்கிறது. இதைச் செய்த யுனைடெட் ஃபிரன்ட் கேம்ஸ், கனடாவின் வான்கூவரில் இருந்த நிறுவனம். இதற்கு முன் 2010-இல் 'மாட்நேஷன் ரேசர்ஸ்' என்ற பந்தய விளையாட்டைச் செய்தவர்கள். பக்கத்தில் வரும் காரை ஒரு பட்டனில் இடித்துத் தள்ளலாம், ஓடும் காரிலிருந்து இன்னொரு காரின்மீது பாய்ந்து அதைப் பறிக்கலாம். இயற்பியலுக்கும் இதற்கும் தொடர்பில்லை, இன்பத்துக்கும் இதற்கும் நல்ல தொடர்பு இருக்கிறது.

கரடுமுரடு, கொடூரம், இரத்தம் என்று இந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லப்படுவதையும் பார்த்துவிடலாம். இது பெரியவர்களுக்கானது, சிறுவர்கள் இருக்கும் அறையில் போட வேண்டாம். வன்முறையில் இரண்டு வகை இதற்குள் இருப்பதாக நான் நினைக்கிறேன். கத்தியோடு வருபவனைக் கண்டு பயந்து, தப்புத் தப்பாகத் தடுத்து, மூச்சுவாங்க வெல்வது ஒரு வகை. அதில் வலி இருக்கிறது, வன்முறையின் விலை தெரிகிறது. சிவப்பாக ஒளிரும் உலையிலோ ரம்பத்திலோ ஒருவனைத் தள்ளி, அதற்காகப் புள்ளி வாங்குவது இன்னொரு வகை. முதல்முறை திடுக்கிட வைத்தது, பத்தாவது முறை வெறும் சேகரிப்பாகிவிடுகிறது. இதிலும் போலீஸ் கணக்கு மௌனமாக இருப்பதுதான் சிக்கல். தெருவிளக்கை இடித்தால் குறையும் எண், கும்பல்காரன் ஒருவனை உயிரோடு எரித்தால் குறையாது. அந்த எண் ஒருமுறை அங்கேயும் குறைந்திருந்தால், வெய்யின் தடுமாற்றம் முழுதும் நம்முடையதாகியிருக்கும்.

இது வெளிவந்ததே பெரிய காரியம் என்பதையும் சொல்ல வேண்டும். ட்ரூ க்ரைம் வரிசையின் உரிமையாளரான ஆக்டிவிஷன், 2011 பிப்ரவரியில் இந்தத் திட்டத்தையே கைவிட்டது. சந்தையின் பெரிய விளையாட்டுகளோடு போட்டி போடும் தரத்துக்கு இது வராது என்பது அவர்களின் கணிப்பு. அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்கொயர் எனிக்ஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் எடுத்துக்கொண்டது. பழைய வரிசைப் பெயரின் உரிமை கூடவே வராததால்தான் புதுப்பெயர் வைத்தார்கள். பிறகு 2014 அக்டோபரில் 'டெஃபினிட்டிவ் எடிஷன்' என்ற மேம்பட்ட பதிப்பு, கூடுதல் கதைகளையும் சேர்த்து வந்தது. அந்தக் கூடுதல் கதைகளில் ஒன்றில் வெய் சீருடை போட்ட சாதாரணப் போலீஸ்காரனாக வருகிறான், அதையாவது தவறவிடாதீர்கள். யுனைடெட் ஃபிரன்ட் கேம்ஸ் 2016 அக்டோபரில் மூடப்பட்டது. முழுமையான இரண்டாம் பாகம் வரவே இல்லை.

விளையாட விரும்பினால் டெஃபினிட்டிவ் எடிஷனையே எடுங்கள். முதன்மைக் கதை ஏறக்குறைய 15 மணி நேரம் போகும். முதல் சில பணிகளை முடித்ததும் ஒருநாள் கதையை நிறுத்திவிட்டு, நார்த் பாயின்ட் சந்தையில் கார் இல்லாமல் நடந்து திரியுங்கள். குருவின் சிலைகளை ஆரம்பத்திலேயே தேடத் தொடங்குங்கள், சண்டையின் சுவை அவற்றோடுதான் கூடும். போதைக் கும்பல் வேலைகளை ஒரே மூச்சில் செய்யாமல் கதைக்கு நடுவே ஒவ்வொன்றாகப் பரப்பிக்கொண்டால் சலிப்புத் தட்டாது.

நான் இரண்டாம் முறை விளையாடியபோது எனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பணிக்கு வெளியேயும் போலீஸ் கணக்கு ஓடுவதாக நினைத்துக்கொண்டு, சிக்னலில் நின்றேன், கார் பறிப்பதை விட்டு என் காரையே ஓட்டினேன், உலையிலும் ரம்பத்திலும் யாரையும் தள்ளவில்லை. டிரையாட் மதிப்பெண் பல இடங்களில் பாதிக்குக் கீழே போனது. இரவில், அபர்டீன் பக்கம், சிவப்பு விளக்குக்கு முன்னால் மழையில் கார் நின்றுகொண்டிருக்க, பக்கத்து நடைபாதையில் ஒரு கிழவர் குடையோடு மெல்லக் கடந்து போனார். முதல்முறை விளையாடியபோது அப்படி ஒருவர் அந்தத் தெருவில் இருந்ததையே நான் கவனித்திருக்கவில்லை.